அறிக்கையின் கேட்போர் யார்? டாஷ்போர்டு என்னும் பிரதியை முன்வைத்து

1

கவிதையையும் நாவலையும் பிரதி என்று சொல்லப் பழகிவிட்டோம். சட்டம், பாடநூல், விளம்பரம், சாதிச் சங்கத்துச் சுவரொட்டி எல்லாமே பிரதிகள்தான், அவற்றையும் வாசிக்க வேண்டும் என்று ஒத்துக்கொள்ளவும் நமக்கு ரொம்ப நாள் பிடிக்கவில்லை. ஆனால் இன்றைக்கு ஏராளமாக எழுதப்பட்டு ஏராளமாக அனுப்பப்படுகிற ஒரு எழுத்துவகையை நம் விமர்சகர்கள் தொட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. அறிக்கையைச் சொல்கிறேன். ஆபீஸ் வழக்கில் ரிப்போர்ட். வங்கிக் கிளை, மருந்துக் கம்பெனி, துணிக்கடை, ஆஸ்பத்திரி, ஊராட்சி ஒன்றிய அலுவலகம் எதுவானாலும் இது நாள்தோறும் உற்பத்தியாகிறது. யாரும் இதை இலக்கியம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் ஒருவருடைய வேலை நிலைக்குமா போகுமா, ஒரு கிளை திறந்திருக்குமா மூடப்படுமா, ஒரு கூலி கைக்கு வருமா வராதா என்பதையெல்லாம் தீர்மானிப்பதில் இந்த எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இவ்வளவு அதிகாரம் உள்ள எழுத்தை வாசிக்காமல் விடுவது விமர்சனத்துக்கு அழகல்ல.

இதைத் தயாரிப்பதற்கென்றே ஒரு மென்பொருள் வகை இருக்கிறது. 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' என்று பெயர்; சுருக்கமாக பி.ஐ. கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ், பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ், காக்னோஸ், டாப்லோ, பவர் பி.ஐ. என்று சந்தையில் பல சரக்குகள். விற்பனை, வருகை, கடன், கையிருப்பு என்று தரவுத்தளத்தில் கிடக்கும் லட்சக்கணக்கான வரிகளைக் கூட்டிக் கழித்து அட்டவணையாகவும் வரைபடமாகவும் ஆக்கித் தருவது இவற்றின் வேலை. இதில் இரண்டு காரியங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, அறிக்கையைத் தானாக விநியோகிப்பது. ஒரு தடவை நேரம் குறித்து வைத்துவிட்டால் போதும், தினமும் விடிகாலையில் மனிதக் கை படாமல் அது மின்னஞ்சலில் போய்விடும். இரண்டு, டாஷ்போர்டை நீட்டிப்பது. ஒரே திரையில் எண்களையும் வண்ணங்களையும் காட்டும் பலகைதான் டாஷ்போர்டு. அதில் மென்பொருள்காரன் கொடுக்காத புதுப்புது உறுப்புகளைப் பிறர் எழுதி ஒட்டவைப்பது நீட்டிப்பு.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். இதெல்லாம் நம்ம துறை இல்லை என்று ஒதுங்கியிருக்கலாம். ஆனால் என் துறை எனக்குக் கொடுத்த ஒரு கருவி இந்த இடத்தில் உதவும் என்று நினைக்கிறேன். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. அசை, சீர், அடி என்று வடிவத்தைச் சொல்லிக்கொண்டே வருகிற அதே பட்டியலில் கூற்று, கேட்போர், களம், காலம், பயன், எச்சம் என்பவையும் உறுப்புகளாக வைக்கப்பட்டிருக்கின்றன. கேட்கிறவரும், சொல்லாமல் விடப்பட்டதும் பிரதிக்கு வெளியே இருக்கிற சங்கதிகள் அல்ல, பிரதியின் அங்கங்களே என்கிற பார்வை இது. வகுப்பறையில் இவற்றை அகப்பாட்டோடு மூட்டைகட்டி வைத்துவிட்டோம். அவிழ்த்துப் பார்த்தால் இவை அதிகாரத்தைப் பற்றிய கேள்விகள். யார் பேசுவது? யாரிடம்? எங்கே வைத்து? எதை விட்டுவிட்டு? அறிக்கையிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

2

முதலில் கூற்று.

'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' என்ற சொல்லைக் கணிப்பொறியோடு சேர்த்துத் தலைப்பாக வைத்து முதன்முதலில் எழுதியவர்களில் முக்கியமானவர் ஹான்ஸ் பீட்டர் லூன். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலைசெய்தவர். அதற்கு முன்னால் ஜவுளித் துறையில் இருந்தவர். துணியின் இழைகளை எண்ணுவதற்கு ஒரு கருவி கண்டுபிடித்தவர். 1958 அக்டோபரில் ஐ.பி.எம். ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரையில் வரைபடமோ டாஷ்போர்டோ பெரிய விஷயமாக இல்லை. விநியோகம்தான் விஷயம். ஒரு நிறுவனத்துக்குள் வருகிற ஆவணங்களை எந்திரம் தானாகவே சுருக்க வேண்டும். நிறுவனத்தில் முடிவெடுக்கும் இடங்கள் ஒவ்வொன்றுக்கும் எதில் அக்கறை என்று ஒரு குறிப்பு வைத்திருக்க வேண்டும். இரண்டையும் பொருத்திப் பார்த்து, எது யாருக்குப் போகவேண்டுமோ அதை அவருக்கு எந்திரமே அனுப்ப வேண்டும். ஆக, அறிக்கையைத் தானாக அனுப்புவது பி.ஐ. மென்பொருளில் பிற்பாடு ஒட்டவைத்த வசதி அல்ல. கருவிலேயே இருந்தது அதுதான்.

லூன் அந்தச் சொல்லில் குறித்தது விஷயங்களுக்கு இடையிலுள்ள உறவைப் பிடித்துக்கொண்டு ஒரு இலக்கை நோக்கிச் செயல்படுகிற திறனை. ஆனால் இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று அறிவு, மற்றது உளவு. நம்மவர்கள் 'வணிக நுண்ணறிவு' என்று மொழிபெயர்த்து உளவைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்கள். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. அரசன் ஒற்றனை எப்படி ஆள்வது என்பதுதான் அதன் பொருள், அதில் நாம் கொண்டாட ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிற சந்தேகம் அங்கே இருந்தது. பி.ஐ. விற்பவர்களின் பிரசித்தமான கோஷமோ 'உண்மையின் ஒரே வடிவம்' என்பது. கம்பெனி முழுமைக்கும் ஒரே எண், ஒரே உண்மை. பெருங்கதையாடல்கள் முடிந்துவிட்டன என்று நாம் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த 1990களில்தான் இந்தப் பெருங்கதையாடல் மென்பொருளாகி விற்பனைக்கு வந்தது.

எழுதியவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். சோழர் காலத்துச் செப்பேடுகளில் அரசன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதியவர் யார், ஒப்பிட்ட ஓலைநாயகம் யார், வரியிலிட்ட புரவுவரி அதிகாரிகள் யார் என்று கைமாறிய ஒவ்வொரு கையும் பேர் சொல்லி வரும். பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பேர் சொல்லி நிலத்தைப் பிரமதேயமாகத் தூக்கிக் கொடுத்த ஓலைகள்தான் அவை. வயலில் நின்றவனுக்கு அதிலும் வாய் கிடையாது. ஆனால் அந்த ஓலையை யாராவது மறுக்க நினைத்தால், மறுப்பதற்கு ஒரு ஆள் இருந்தான். தானியங்கி அறிக்கையில் அனுப்புநர் என்ற இடத்தில் 'இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்று ஒரு முகவரி இருக்கிறது. கூற்று உண்டு, கூறுபவர் இல்லை. செயப்பாட்டுவினை ஒரு இலக்கணக் கூறாக இருந்த நிலைபோய், ஒரு நிறுவன ஏற்பாடாகவே மாறிவிட்டது.

இந்த மறைவு முதலாளித்துவ நிறுவனங்களோடு மட்டும் நிற்கவில்லை. சிலியில் சால்வடோர் அயெந்தேயின் அரசு, பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டாஃபோர்டு பீர் என்பவரை வைத்து 1971இல் சைபர்சின் என்ற திட்டத்தைத் தொடங்கியது. தேசியமயமான ஆலைகளிலிருந்து டெலக்ஸ் வழியாக எண்கள் சாந்தியாகோவுக்கு வரும். ஒரு ஆலையில் எழுந்த பிரச்சினை குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் சேதி தானாகவே மேல்மட்டத்துக்கு ஏறிவிடும். இதற்கென்று வடிவமைத்த அறையில் ஏழு நாற்காலிகள், சுவரெல்லாம் திரைகள். இன்றைய டாஷ்போர்டின் தாத்தா என்று தாராளமாகச் சொல்லலாம். அந்த நாற்காலிகளின் கைப்பிடியில் தட்டச்சுப் பலகை வைக்கவில்லை, பெரிய பெரிய பொத்தான்களை வைத்தார்கள். தட்டச்சுப் பலகை இருந்தால் தட்டச்சு செய்ய ஒரு பெண் வேண்டியிருக்கும், தலைவர்களுக்கும் எந்திரத்துக்கும் நடுவே அவள் எதற்கு என்பது யோசனை. ஈடன் மெதினா 2011இல் வெளியிட்ட ஆய்வுநூலில் இது விவரமாக இருக்கிறது. சோஷலிசத்தின் கட்டுப்பாட்டு அறையிலும் அறிக்கையை எழுதியவளைத்தான் முதலில் வெளியே அனுப்பினார்கள். இடதுசாரி நண்பர்கள் இதைச் சற்று நிதானமாக யோசிக்கவேண்டும்.

3

அடுத்தது கேட்போர். என்னைப் பொறுத்தவரை இங்கேதான் முடிச்சு இருக்கிறது.

பி.ஐ. மென்பொருளில் கேட்போர் என்பவர் ஒரு பட்டியல். சந்தாதாரர் என்றுதான் அதில் பெயர், ஏதோ பத்திரிகைக்குச் சந்தா கட்டினமாதிரி. ஆனால் பெரும்பாலும் கேட்டு வாங்கிய சந்தா அல்ல, பதவியோடு கூடவே வருவது. 2004இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் மென்பொருளிலேயே, யாருக்கு அனுப்பவேண்டும் என்பதை இன்னொரு அட்டவணையிலிருந்து எந்திரமே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. புதிய கிளை மேலாளர் சேர்ந்தால் அவர் பெயர் பணியாளர் அட்டவணையில் ஏறும். மறுநாள் காலை அறிக்கை அவரைத் தேடி வந்துவிடும். ஒரே அறிக்கையைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் துண்டை மட்டும் அனுப்புவதும் உண்டு. தொழிலில் இதற்கு 'பர்ஸ்டிங்' என்று பெயர். மடிப்பு மடிப்பாக வரும் அச்சுத்தாள்களை ஓட்டைக் கோட்டில் கிழித்துப் பிரித்த பழைய எந்திரங்களுக்கும் இதே சொல்தான். கிழிப்பது அப்படியே இருக்கிறது, தாள்தான் போய்விட்டது. வடக்கு மண்டலத்தானுக்கு வடக்கு, தெற்கு மண்டலத்தானுக்குத் தெற்கு. பக்கத்து மண்டலத்தில் என்ன நடக்கிறது என்று இருவருக்கும் தெரியாது. மேலே இருப்பவருக்கு மட்டும் தாள் கிழியாமல் முழுசாகப் போகும்.

இப்படிப் போகிறதை யாராவது படிக்கிறார்களா? சென்னையில் ஒரு கம்பெனியின் ரிப்போர்ட் பிரிவில் வேலைபார்க்கும் நண்பரிடம் கேட்டேன். "காலையில ஆறு மணிக்கு நானூறு பேருக்கு மெயில் போவுது. எத்தனை பேரு தெறந்து பாக்குறாங்கன்னு எனக்குத் தெரியும், வெளியே சொன்னா என் வேலை போயிரும். ஆனா ஒருநாள் போவலன்னா ஏழு மணிக்கெல்லாம் போன் வந்துரும்" என்றார். கோயில் விளக்கு மாதிரிதான். எரிகிறதா என்று பார்ப்பார்கள், அந்த வெளிச்சத்தில் எதையும் வாசிக்கமாட்டார்கள்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. ஃபூக்கோவைக் கூப்பிட்டு, பெந்தம் வரைந்த வட்டச் சிறைச்சாலையைக் காட்டி, 'எல்லாம் கண்காணிப்பு' என்று சொல்லிக் கட்டுரையை முடித்துவிடுவது. அவ்வளவு சுலபமாக முடித்துவிட முடியாது என்பது என் வாதம். வட்டச் சிறையில் நடுக்கோபுரத்தில் ஆள் இல்லாவிட்டாலும், தான் பார்க்கப்படுவதாகக் கைதி நம்புகிறான். அந்த நம்பிக்கைதான் அவனை ஒழுங்குபடுத்துகிறது. தானியங்கி அறிக்கையிலோ கோபுரம் ஓயாமல் கடிதம் போட்டுக்கொண்டே இருக்கிறது. பார்வை நடக்கிறதோ இல்லையோ, அனுப்பியதற்குச் சாட்சி உருவாகிறது. நாளைக்கு ஏதாவது விபரீதம் நடந்தால் 'உங்களுக்குத்தான் அன்றைக்கே அனுப்பியாயிற்றே' என்று கேட்கலாம். அதாவது இந்த எழுத்தின் பயன் தெரிவிப்பது அல்ல, பொறுப்பைக் கைமாற்றுவது. 'தெரியாது' என்று சொல்லும் உரிமையை வாங்குபவரிடமிருந்து அது பறித்துவிடுகிறது. அறிவையாவது கொடுக்கிறதா என்றால் அதுவும் இல்லை. கண்காணிப்பு என்ற ஒற்றைச் சொல்லால் இதைப் பிடிக்க முடியாது.

கேட்போருக்கு விலையும் உண்டு. பெரும்பாலான பி.ஐ. மென்பொருள்கள் தலைக்கு இவ்வளவு என்று உரிமம் விற்கின்றன. பவர் பி.ஐ.யின் 'புரோ' உரிமம் ஆளுக்கு மாதம் 10 டாலராக இருந்து 2025 ஏப்ரலில் 14 டாலர் ஆயிற்று. வாசிப்பதற்குத் தலைவரி என்றால், யார் தலைக்குக் கட்டுவது என்று நிறுவனம் கணக்குப் பார்க்கும். கடையில் நின்று துணி மடிக்கும் பெண்ணின் தலைக்கு யாரும் கட்டப்போவதில்லை. அவள் அறிக்கையில் இருக்கிறாள், ஒரு வரியாக. அறிக்கையின் கேட்போரில் இல்லை. யாரைப் பற்றிய பேச்சோ அவர் காதில் விழாதபடி பேசுவதற்கு ஊரில் புறணி என்று பெயர்.

4

களத்துக்கு வருவோம். டாஷ்போர்டு என்ற சொல்லின் கதை சுவாரசியமானது. 19ஆம் நூற்றாண்டில் குதிரைவண்டியின் முன்பக்கம் ஒரு பலகை வைத்தார்கள். குதிரைக் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டியில் இருப்பவர்மேல் தெறிக்காமல் தடுப்பதற்கு. அதுதான் டாஷ்போர்டு. குதிரை போய் மோட்டார் கார் வந்தபிறகு அந்த இடத்தில் வேகமானியும் பெட்ரோல் முள்ளும் வந்து உட்கார்ந்தன. அங்கிருந்து சொல் கணிப்பொறித் திரைக்குப் பெயர்ந்தது. சேற்றை மறைக்க வந்த பலகை, பாதையைக் காட்டும் பலகை ஆகிவிட்டது; மறைக்கிற குணம் மட்டும் போகவில்லை.

இந்தத் துறையில் மதிக்கப்படும் ஸ்டீஃபன் ஃப்யூ 2006இல் எழுதிய நூலில், முக்கியமானதெல்லாம் ஒரே திரையில், ஒரே பார்வையில் தெரியவேண்டும் என்பதை டாஷ்போர்டின் இலக்கணமாக வைக்கிறார். சின்ன இடம், எனவே சுருக்கம். சுருக்கத்தின் உச்சம் நிறம்: பச்சை, மஞ்சள், சிவப்பு. ஒரு எண் எங்கே பச்சையிலிருந்து மஞ்சளாக மாறுகிறது என்பது ஒரு அரசியல் முடிவு, ஆனால் திரையில் அது இயற்கைபோலத் தெரிகிறது. மென்பொருள் கம்பெனிகளில் வேலைசெய்கிறவர்களுக்கு இது தெரியாததல்ல. 'தர்பூசணி ரிப்போர்ட்' என்று அவர்களே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே பச்சை, வெட்டினால் சிவப்பு.

'நீட்டிப்பு' என்ற பேச்சு வரும்போது நான் கொஞ்சம் ஆர்வமாகக் கவனித்தேன். பவர் பி.ஐ.யில் வெளியார் எழுதிய வரைபடங்களைச் சேர்க்கலாம். டாப்லோ 2018இல் டாஷ்போர்டுக்குள் வெளியார் எழுதிய நிரல்களை இயக்க வழிசெய்தது. இதன்மூலம் வந்த வசதிகளில் ஒன்று 'திருப்பி எழுதுதல்'. அதாவது பலகையைப் பார்ப்பவர் பார்ப்பதோடு நிற்காமல், அதில் ஒரு எண்ணையோ குறிப்பையோ எழுதலாம், அது தரவுத்தளத்தில் போய்ப் பதியும். கோட்பாட்டளவில் இது பெரிய விஷயம். ஒருவழிப் பேச்சு இருவழியாகிறது, வாசகர் எழுத்தாளர் ஆகிறார் என்று பார்த்தை நினைத்துக்கொண்டு நாம் சந்தோஷப்படலாம். ஆனால் யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். அடுத்த காலாண்டு இலக்கை மண்டல மேலாளர் திருத்துவார், முன்மதிப்பீட்டை நிதி அதிகாரி மாற்றுவார். பலகை பக்கவாட்டில் நீள்கிறது, மேலே நீள்கிறது. கீழே நீண்டதாக நான் பார்த்த விளக்கங்களில் இல்லை.

5

இப்போது எச்சம். சொல்லாமல் விடப்படுவதால் யார் வயிறு காய்கிறது என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், நம்மூரில் நூறு நாள் வேலை. 2025 டிசம்பரில் அதை நீக்கி வேறு பெயரில் வேறு சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அதன் கணிப்பொறி அறிக்கைகள் நடந்துகொண்ட விதம் இன்னும் படிக்கவேண்டிய பாடம்.

வேலை செய்த 15 நாளுக்குள் கூலி தரவேண்டும், தவறினால் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் கூலியில் 0.05 சதவீதம் இழப்பீடு என்பது விதி. சொற்பம்தான், ஆனாலும் அது உரிமை. இழப்பீட்டை யாரும் மனுப்போட்டுக் கேட்கவேண்டியதில்லை. தாமதத்தைக் கணிப்பொறியே எண்ணிக் கணக்கிடும். கேட்பதற்கு நல்ல ஏற்பாடு. ஆனால் கடிகாரம் எங்கே நின்றது என்று பார்க்கவேண்டும். வருகைப் பட்டியல் முடிந்து, ஒன்றிய அலுவலகத்தில் கூலிப்பட்டியல் தயாராகி, இரண்டு கையெழுத்து விழுந்து, பணமாற்று ஆணை மேலே அனுப்பப்படும் வரை ஒரு கட்டம். அந்த ஆணை மத்திய அரசின் வழியாகப் போய்த் தொழிலாளியின் கணக்கில் பணம் விழும் வரை இரண்டாவது கட்டம். கணிப்பொறி எண்ணியது முதல் கட்டத்தை மட்டும். ஆணை உருவானதும் கடிகாரம் நின்றுவிடும். அதற்குப் பிறகு பணம் ஒரு மாதம் டெல்லியில் கிடந்தாலும் அது தாமதமே அல்ல, ஏனென்றால் அதை எழுத ஒரு பத்தி அட்டவணையில் இல்லை.

அறிக்கைத் தலைப்பில் இருந்த வினைச்சொல்லைக் கவனியுங்கள். 15 நாளுக்குள் 'உருவாக்கப்பட்ட' ஊதியம் இத்தனை சதவீதம். உருவாக்கப்பட்டது, வழங்கப்பட்டது, போய்ச் சேர்ந்தது என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு வினைகள். பலகையில் ஏறும்போது முதல் வினை மூன்றாவது வினையின் வேலையைப் பார்த்துக்கொண்டது. காலத்தில் கூலி கொடுத்துவிட்டோம் என்று பேச அதுவே போதுமானதாயிற்று. மேட்டில் வெட்டி வரப்பில் போட்ட ஒரு பாட்டி 'இன்னும் காசு ஏறலை சாமி' என்று வங்கி வாசலில் நிற்பாள். திரையில் அவளுக்குக் கூலி 'உருவாகி' விட்டது. ஒரு வினைச்சொல்லுக்குள் இத்தனை பட்டினியை ஒளித்துவைக்க முடியும் என்பதை இலக்கணம் படித்த நாம் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

கண்டுபிடித்தவர்கள் வேறு சிலர். இங்கேதான் என் வாதத்தின் மறுபக்கம் வருகிறது. இந்தத் திட்டத்தின் தரவுகள், கம்பெனித் தரவுகளைப்போல் பூட்டிவைக்கப்பட்டவை அல்ல. தகவல் உரிமைப் போராட்டத்தின் அழுத்தத்தில் பிறந்த சட்டம் என்பதால் வருகைப் பட்டியல், பணமாற்று ஆணை எல்லாம் பொதுவில் இருந்தன. சுயேச்சையான ஆய்வாளர்கள் சிலர் பலகையைத் தாண்டி வரிகளுக்குள் இறங்கினார்கள். 2016-17ஆம் ஆண்டில் 10 மாநிலங்களின் சுமார் 90 லட்சம் பரிவர்த்தனைகளை எடுத்து, பணம் உண்மையில் வரவான தேதியை வைத்து எண்ணினார்கள். இரண்டாவது கட்டத்தின் தாமதம் வெளியே வந்தது. ஸ்வராஜ் அபியான் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 மே 18 அன்று தீர்ப்புச் சொன்னது. கட்டம் பிரிப்பது அரசின் உள்விவகாரம், தொழிலாளிக்கு அதில் சம்பந்தமில்லை, முழுத் தாமதத்துக்கும் அவருக்கு இழப்பீட்டு உரிமை உண்டு என்பது அதன் சாரம்.

ஆக மென்பொருள் என்றாலே ஒடுக்குமுறை என்று தீர்ப்பெழுத நான் தயாரில்லை. அதே தரவுத்தளம், அதே வரிகள். சுருக்கிய பலகையை மேலே இருந்தவர்கள் வாசித்தபோது அது தாமதத்தை மறைத்தது. விரித்த வரிகளைச் சந்தா கட்டாத கேட்போர் வாசித்தபோது அதே தாமதம் அகப்பட்டது. கேட்போர் மாறினால் எச்சம் மாறும்.

6

தரவுகள் பொதுவில் இருந்தாலும் அந்தப் பாட்டிக்கு அவை எட்டினவா? இல்லை. இணையத்தில் கிடப்பதும் கையில் கிடைப்பதும் ஒன்றல்ல. அறிக்கையை உரியவரிடம் கொண்டுசேர்ப்பது என்றால் என்ன என்பதற்கு நமக்குத் தெரிந்த நல்ல முன்மாதிரி எந்த மென்பொருளிலும் இல்லை, ராஜஸ்தானில் இருக்கிறது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானா கிராமத்தில் முதல் பொது விசாரணையை நடத்தியது. வருகைப் பட்டியலையும் பில்களையும் ஊர் நடுவே சத்தமாக வாசித்தார்கள். இன்னாருக்கு இத்தனை நாள் கூலி என்று வாசிக்க, அந்த இன்னாரே கூட்டத்தில் எழுந்து 'நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே' என்பார். கட்டாத கட்டடத்துக்கு பில் வாசித்தால் ஊரே சிரிக்கும். தொல்காப்பிய உறுப்புகள் அத்தனையும் அந்தக் கூட்டத்தில் இருந்தன. கூறுபவருக்கு முகம் இருந்தது, களம் ஊர்மந்தை, கேட்போர் அறிக்கைக்குள் இருந்தவர்களே, எச்சத்தைக் கேட்போர் அந்த இடத்திலேயே நிரப்பினார்கள். இதுவும் அறிக்கை விநியோகம்தான். அதிலிருந்து கிளம்பிய இயக்கம்தான் 2005இன் தகவல் உரிமைச் சட்டம் வரை வந்தது.

'நாங்களும்தான் தொழிலாளிக்குக் காட்டுகிறோமே' என்று நிர்வாகம் சொல்லும். கால் சென்டரில் சுவரில் பலகை தொங்குகிறது, யார் எத்தனை நிமிடம் பேசினார் என்று எல்லோருக்கும் தெரியும் என்பார்கள். காட்டுவதற்கும் கேட்போராக ஏற்பதற்கும் வித்தியாசம் உண்டு. டொயோட்டா ஆலைகளில் ஆண்டோன் என்று ஒரு பலகை. வரிசையில் நிற்கும் தொழிலாளி கோளாறு கண்டால் கயிற்றை இழுப்பார், அவர் நிற்கும் இடத்தின் விளக்கு பலகையில் எரியும், கோளாறு சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். லாபத்துக்காக வைத்த ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலகையில் வெளிச்சம் தொழிலாளியின் கையிலிருந்து வருகிறது. கால் சென்டர் பலகையில் வெளிச்சம் அவர் முதுகில் விழுகிறது. சிலியில் பீர்கூட, மக்கள் தங்கள் திருப்தியையும் அதிருப்தியையும் அரசுக்கு உடனுக்குடன் தெரிவிக்கும் முள் கருவி ஒன்றை யோசித்தார். சில மாதிரிகளோடு அது நின்றுபோனது. 1973 செப்டம்பர் 11இல் ராணுவம் வந்தது, திட்டம் மொத்தமும் முடிந்தது.

மாநிலத் தலைமைச் செயலகங்களில் இன்று டாஷ்போர்டு ஒரு கௌரவம். சென்னையிலும் 2021 டிசம்பரில் முதலமைச்சருக்கு ஒன்று திறந்தார்கள். தொழிற்சங்கங்களும் இயக்கங்களும் இவற்றைக் குறித்து இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. ஒன்று, கண்காணிப்பு என்று கண்டித்துவிட்டுப் போவது. அல்லது நல்லாட்சி என்று கைதட்டுவது. நான் கேட்பது வேறு. ஒவ்வொரு அறிக்கையைப் பற்றியும் முதலில் விநியோகப் பட்டியலைக் கேளுங்கள். இதில் எண்ணப்பட்டவர்களுக்கு இது போகிறதா, அவர்கள் மொழியில், அவர்கள் வரியோடு போகிறதா? எண்ணிய முறையை மறுக்க ஒரு முகவரி இருக்கிறதா? மறுப்பு பலகையில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே தெரியுமா? டாஷ்போர்டை நீட்டிக்கப் போகிறார்கள் என்றால் இந்த மூன்றுக்கும் நீட்டிக்கட்டும். சந்தாவையும் பதில் பெட்டியையும் 'திருப்பி எழுதுத'லையும் செய்துவிட்ட மென்பொருளுக்கு இதில் தொழில்நுட்பத் தடை எதுவும் கிடையாது. தடை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். தொண்டு நிறுவனங்களில் வேலைபார்க்கும் தோழர்கள் மாதாமாதம் நிதி கொடுப்பவருக்கு அறிக்கை எழுதுகிறார்கள். கட்சிக் கிளைகள் மாவட்டக் குழுவுக்கு எழுதுகின்றன. எத்தனை கூட்டம், எத்தனை பெண்கள், எத்தனை தலித்துகள் என்று நாமும் எண்ணுகிறோம், மேலே அனுப்புகிறோம். நாம் எண்ணிய சேரியில் அந்த அறிக்கையை எப்போதாவது வாசித்துக் காட்டியிருக்கிறோமா? வாசித்தால் யாராவது எழுந்து 'நான் அந்தக் கூட்டத்துக்கு வரவே இல்லையே' என்று சொல்லக்கூடும். அதைக் கேட்கத் தயாராக இருக்கிற இயக்கம்தான் பி.ஐ. மென்பொருளை விமர்சிக்க யோக்கியதை உள்ள இயக்கம்.